குழியில் விழுந்தவர் யார்?

1854இல் சிங்கப்பூருக்கு வந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் புக்கிட் தீமா காட்டில் வண்டு பிடித்துக்கொண்டு திரிந்தார். அந்தக் காட்டில் ஆங்காங்கே புலிக்குழிகள் இருந்தன. குச்சியும் இலையும் போட்டு மூடிய குழிகள். பதினைந்து, இருபது அடி ஆழம். மேலே குறுகி அடியில் அகன்றிருக்கும். விழுந்தவர் அடுத்தவர் கை கொடுக்காமல் ஏறி வர முடியாது. முன்பெல்லாம் குழியின் அடியில் கூரான முளை ஒன்றையும் நட்டு வைப்பார்களாம். ஒரு வழிப்போக்கர் விழுந்து, அதில் குத்துப்பட்டு இறந்துபோனார். அதன் பிறகு முளை நடுவதற்குத் தடை வந்தது. குழி தோண்டுவதற்குத் தடை வரவில்லை. மலாய்த் தீவுக்கூட்டம் பற்றி வாலஸ் 1869இல் வெளியிட்ட நூலில் இந்தத் தகவல் இருக்கிறது.

அதே இடத்தில் இன்னொன்றும் சொல்கிறார். சிங்கப்பூரில் புலிகள் சராசரியாக நாளுக்கு ஒரு சீனரைக் கொல்கின்றன. இறப்பவர்களில் பெரும்பாலோர் கம்பிர்த் தோட்டத்துக் கூலிகள். அந்தக் கணக்கு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். பாதி என்று வைத்துக்கொண்டாலும் பயங்கரம்தான்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு உறுத்துகிறது. ஒரு வழிப்போக்கர் விழுந்தார், விதி மாறியது. கூலிகள் வரிசையாகச் செத்தார்கள், அவர்களுக்காக எந்த விதியும் மாறவில்லை. புலியின் தலைக்கு விலை வைத்தார்கள், அவ்வளவுதான். ஏன்? வழிப்போக்கர் யாராகவும் இருக்கலாம். விதி எழுதுகிறவரே நாளைக்கு அந்த வழியாக நடந்து போகலாம். ஆனால் அவர் ஒருநாளும் கம்பிர்த் தோட்டத்தில் கூலியாக இருக்கப்போவதில்லை.

வேட்டை பற்றிய எந்தச் சட்டத்தை வாசித்தாலும் இப்போது நான் இந்தக் கேள்வியோடுதான் வாசிக்கிறேன். யார் குழியில் விழுந்ததால் இது எழுதப்பட்டது? யார் விழுந்தும் எழுதப்படாமல் விட்டது எது?

*

புலிக்கு விலை வைத்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பிர் என்பது காசுக்கட்டி மாதிரி ஒரு சரக்கு. வெற்றிலையோடு மெல்வார்கள், தோல் பதனிடவும் பயன்படும். இலையைக் காய்ச்சி எடுக்க ஏராளமான விறகு வேண்டும். சில வருடங்களில் மண்ணும் செத்துவிடும். அதனால் தோட்டக்காரர்கள் காட்டை வெட்டி, நட்டு, காய்ச்சி, மண் போனதும் அடுத்த காட்டுக்குப் போனார்கள். காட்டின் விளிம்பு நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த விளிம்பில்தான் புலியும் கூலியும் சந்தித்தார்கள். செய்தி பரவினால் ஆட்கள் ஓடிவிடுவார்கள் என்று சில தோட்டக்காரர்கள் சாவையே மறைத்ததாகவும் அக்காலக் குறிப்புகள் சொல்கின்றன.

அரசு புலிக்குக் கொடுத்த வெகுமதி நூறு டாலரை எட்டிய காலமும் உண்டு. இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த சிறைக்கைதிகளையும் குழு குழுவாகப் புலி வேட்டைக்கு அனுப்பினார்கள். கைதிகளை நிர்வகித்த மெக்நேர் பின்னாளில் அதைப் பதிவு செய்திருக்கிறார். சென்னை மாகாணத்திலிருந்து வந்த கைதிகளில் நம் ஆட்களும் இருந்தார்கள். தண்டனை அனுபவிக்கும் ஒருவனைக் காட்டுக்குள் அனுப்பி, தோட்ட முதலாளியின் நஷ்டத்தைச் சரிசெய்யச் சொல்கிறது அரசு. அங்கே புலி ஒரு விலங்காகவே இல்லை. நிர்வாகச் செலவில் ஒரு வரி. 1930இல் சுவா சூ காங்கில் கடைசிக் காட்டுப்புலி சுடப்பட்டதோடு அந்த வரி அடிக்கப்பட்டது.

இத்தனைக்கும் அதே அரசு அதற்கு முன்பே பாதுகாப்புச் சட்டங்களையும் எழுதத் தொடங்கிவிட்டது. நீரிணைக் குடியேற்றங்களில் 1884இல் காட்டுப் பறவைகளுக்கு ஒரு சட்டம், 1904இல் விலங்குகளையும் சேர்த்து இன்னொன்று. ஒரு கையில் வெகுமதி, மறு கையில் பாதுகாப்பு. இதை இரட்டை வேடம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு சட்டங்களும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: எந்த உயிர் தொல்லை, எந்த உயிர் செல்வம் என்று பிரிப்பது. பிரிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

*

மலாயாவில் இந்தப் பிரிப்பு வேலையை மிகுந்த அக்கறையோடு செய்தவர் தியோடர் ஹபாக். கோலாலம்பூர் ரயில் நிலையத்தை வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹபாக்கின் சகோதரர். யானையையும் செலாடாங் என்னும் காட்டெருதையும் வேட்டையாடிய அனுபவத்தை 1905இல் புத்தகமாகவே எழுதியவர். அதே மனிதர் பின்னால் பகாங்கின் கௌரவ வேட்டைக் காப்பாளர் ஆனார். மலாயா வனவிலங்கு ஆணையம் அவர் தலைமையில் அமைந்தது. 1932இல் அதன் அறிக்கை மூன்று தொகுதிகளாக வந்தது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாகத்தான் பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலக் காடுகளையும் சேர்த்து 1930களின் கடைசியில் ஐந்தாம் ஜார்ஜ் தேசியப் பூங்கா உருவானது. இன்றைய தாமான் நெகாரா அதுதான்.

ஹபாக்கைக் கிண்டல் செய்வது சுலபம். ஆசை தீரச் சுட்டுவிட்டு மற்றவர்களுக்கு ஒழுக்கம் சொன்னவர் என்று. நான் அதைச் செய்ய மாட்டேன். அவர் இல்லாவிட்டால் அந்தக் காடு இன்று செம்பனையாக இருந்திருக்கும். என் கேள்வி அவருடைய காலத்துச் சட்டங்களின் அமைப்பைப் பற்றியது. காலனிய வேட்டைச் சட்டம் உரிமம், கட்டணம், பருவம், எண்ணிக்கை என்று இயங்கும். பணம் கட்டி, காகிதம் வாங்கி, கொம்புக்காகச் சுடுபவர் வேட்டைக்காரர். காகிதம் இல்லாமல் குழம்புக்காகப் பிடிப்பவன் திருடன். அதாவது பசியை விடப் பொழுதுபோக்கு மரியாதையான காரணம்.

இது ரொம்ப நாள் நிலைக்க முடியாத நியாயம். சுதந்திர நாட்டின் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. தீபகற்பத்துக்கான 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஓராங் அஸ்லி மக்கள் உணவுக்காக வேட்டையாட விலக்கு தந்தது. அதற்குப் பதிலாக வந்த 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அந்த விலக்கை இன்னும் துல்லியமாக்கி, ஆறாவது அட்டவணையில் பத்து உயிர்களின் பெயரைப் போட்டது. காட்டுப்பன்றி, சம்பார் மான், சருகுமான், பன்றிவால் குரங்கு, இரண்டு வகை லொத்தோங் குரங்குகள், இரண்டு வகை முள்ளம்பன்றிகள், வெண்மார்புக் கானாங்கோழி, மரகதப் புறா. இவற்றைத் தன் வயிற்றுக்கும் குடும்பத்தின் வயிற்றுக்கும் பிடிக்கலாம். விற்றால் குற்றம். பண்டமாற்று செய்தாலும் குற்றம்.

முதலில் வாசித்தபோது இது எனக்குப் பிடித்தது. நியாயமான கோடு என்று பட்டது. வயிற்றுக்கு ஒரு எல்லை இருக்கிறது. இரண்டு முள்ளம்பன்றிக்கு மேல் யார் சாப்பிட முடியும்? சந்தைக்கு வயிறு கிடையாது. எவ்வளவு கொண்டு வந்தாலும் இன்னும் கொண்டுவா என்றுதான் சொல்லும். எனவே உண்ணலாம், விற்கக் கூடாது. கொலையின் அளவைப் பசியே கட்டுப்படுத்தும் என்று சட்டம் நம்புகிறது. நல்ல நம்பிக்கைதான்.

பிறகு யோசிக்க யோசிக்கத்தான் இதன் மறுபக்கம் தெரிந்தது. அரிசி, பள்ளிச் சீருடை, மோட்டார் எண்ணெய் எல்லாமே காசுக்குத்தான் கிடைக்கும். காட்டை நம்பி வாழ்கிறவர் காட்டிலிருந்து எடுப்பதைக் காசாக்கக் கூடாது என்றால், அவருடைய உரிமைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது: நீ இப்படியே இருக்க வேண்டும். உன் தாத்தா மாதிரியே சும்பிட் ஊதி, இப்போ மரத்துப் பாலை நஞ்சாகத் தடவி, பிடித்ததை அன்றே தின்றுவிட வேண்டும். ஈப்போ நகரத்துக்குப் பெயர் கொடுத்த அந்த மரத்தோடு அந்த மனிதரையும் சேர்த்துப் பாதுகாக்கப் பார்க்கிறது சட்டம்.

*

இந்த இடத்தில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்லலாம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். ரப்பரை அழித்து செம்பனை நட்ட காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார்களாம். நாலு ஆள், ஐந்தாறு நாய், ஈட்டி. கறியை லயத்தில் வீட்டுக்கு வீடு பங்கு வைப்பார்கள். நாய்க்கும் பங்கு உண்டு.

"லைசென்ஸ் எடுத்தீங்களா தாத்தா?" என்று கேட்டேன்.

"என்னா லைசென்ஸு? பன்னி குருத்தத் தின்னா தொரைக்கு நட்டம். நாங்க பன்னியத் தின்னா தொரைக்கு லாபம். தொர வேணாம்னு சொன்னா நிறுத்திடுவோம். அம்புட்டுதான்."

இதை விடச் சுருக்கமாக ஒரு சட்ட வரலாற்றை யாரும் எனக்குச் சொன்னதில்லை. நாட்டில் சட்டம் இருந்தது. தோட்டத்தில் துரை இருந்தார். தோட்டத்துக்காரர்களின் வேட்டை உரிமையும் இல்லை, குற்றமும் இல்லை. அது துரையின் வசதி. பன்றி தொல்லையாக இருக்கும் வரை அவர்கள் வேட்டைக்காரர்கள்.

இன்னொன்றும் சொன்னார். கம்பிச் சுருக்கு வைப்பதை அவருடைய கூட்டத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். "அது பன்னி, நாயின்னு பாக்காதுய்யா. நம்ம நாயே போய் மாட்டிக்கும்." இதை உயர்ந்த அறம் என்று சொல்லி அவரைச் சிலையாக்க நான் விரும்பவில்லை. அதே கூட்டம்தான் உடும்பையும் எறும்புத்தின்னியையும் யோசிக்காமல் குழம்பு வைத்தது. எறும்புத்தின்னி இன்று முழுப் பாதுகாப்பில் இருக்கும் விலங்கு. பசித்தவர் எல்லாம் நல்லவர் கிடையாது. ஆனால் அவர் சொன்ன காரணம் முக்கியம். தன் வீட்டு உயிரும் அதில் விழக்கூடும் என்பதால்தான் சுருக்கு கூடாது என்றார். புக்கிட் தீமா முளையைப் பிடுங்க வைத்த அதே காரணம்.

சுருக்கு விஷயத்தில் சட்டம் சரியாகவே இருக்கிறது. ஒரு இரும்புக் கம்பி, வளைத்துக் கட்டிய ஒரு மரக்கிளை; அவ்வளவுதான் செலவு. புலியின் காலையும் அது பிடிக்கும், யானைக் குட்டியின் தும்பிக்கையையும் பிடிக்கும். 2010 சட்டம் சுருக்கு வைப்பதைத் தனிக் குற்றமாக்கியது. 2022 திருத்தத்துக்குப் பிறகு கடுமையான குற்றங்களுக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் உண்டு. 2019 முதல் வனவிலங்குத் துறையும் காவல் துறையும் சேர்ந்து காட்டுக்குள் கூட்டு நடவடிக்கை எடுக்கின்றன. தீபகற்பக் காடுகளில் 150க்கும் குறைவான புலிகளே மிஞ்சியிருக்கும்போது இதில் தளர்வு காட்ட இடமே இல்லை.

ஆனால் கம்பி வைத்த கையைப் பிடித்துவிட்டால் கணக்கு முடிந்ததா?

*

என் வேலை சாலை சம்பந்தப்பட்டது. அதனால் இதை என்னால் ஒதுக்கிவிட்டுப் போக முடியவில்லை. காட்டோரம் ஒரு சாலை போட வேண்டுமென்றால் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு எழுதப்படும். அதில் விலங்குகளுக்கு ஒரு அத்தியாயம் இருக்கும். எந்தெந்த உயிர்கள் இருக்கின்றன, பாதிப்பை எப்படிக் குறைக்கலாம் என்று அட்டவணை போட்டிருக்கும். சில இடங்களில் உண்மையாகவே பலன் உண்டு. கோலா லிப்பிஸுக்கும் குவா மூசாங்குக்கும் இடையே சுங்கை யூ பகுதியில் விலங்குகள் அடியில் கடந்துபோவதற்கென்றே சாலையைத் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். தாமான் நெகாராவையும் தித்திவாங்சா மலைத்தொடரையும் இணைக்கும் குறுகலான வழி அது. அதைப் பார்க்கும்போது என் தொழில் மீது எனக்கு மரியாதை வருகிறது.

இருந்தாலும் எந்தச் சட்டமும் சாலையை வேட்டைக் கருவியாகப் பார்ப்பதில்லை. 2016 பிப்ரவரியில் கெமாமான் அருகே கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் ஒரு பெண்புலி வாகனம் மோதி இறந்தது. அதன் வயிற்றில் இரண்டு குட்டிகள் இருந்தன. மூன்று புலிகள். ஒரு சுருக்கு ஒரே இரவில் செய்ய முடியாத வேலை. ஓட்டுநரைக் குற்றவாளி என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. அவர் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. சாலையை வரைந்தவர் நினைக்கவில்லை. ஒப்புதல் கொடுத்தவர், கட்டியவர், சுங்கம் வசூலித்தவர் யாருமே நினைக்கவில்லை. யாருமே நினைக்காமல் மூன்று புலிகள் செத்தன.

இங்கேதான் என் சிக்கல். வேட்டைச் சட்டம் முழுக்க எண்ணத்தின் மீது நிற்கிறது. எதற்காகப் பிடித்தாய்? தின்னவா, விற்கவா, விளையாட்டுக்கா? கையும் எண்ணமும் உள்ள ஒருவர் கிடைத்தால்தான் அந்தக் கேள்வியையே கேட்க முடியும். காட்டை அழிப்பதில் கைகள் ஆயிரம். கொல்லும் எண்ணம் ஒருவருக்கும் இல்லை. எனவே கேள்வியே எழாது. போதாக்குறைக்கு நம் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாவது அட்டவணையைப் பாருங்கள். காட்டு விலங்குகளின் பாதுகாப்பு மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. நிலமும் காடும் மாநிலப் பட்டியலில். விலங்கு ஒரு பட்டியலில், அது நிற்கும் மண் இன்னொரு பட்டியலில். புலியைத் தொட்டால் சிறை. புலியின் காட்டை முறைப்படி விற்றால் மாநிலத்துக்கு வருமானம்.

முள்ளம்பன்றியை விற்கக் கூடாது என்று படேக் மனிதரிடம் சொல்கிறோம், சந்தைக்கு எல்லை இல்லை என்ற காரணத்தால். முள்ளம்பன்றியின் காட்டை விற்கும்போது அந்தக் காரணம் எங்கே போகிறது?

*

'எல்லோரும் பொறுப்பு என்றால் யாருமே பொறுப்பில்லை என்றாகிவிடும்' என்று ஒரு நண்பர் வாதிட்டார். சட்டத்துக்கு ஒரு முகம் வேண்டும், சாலைக்கு முகம் கிடையாது என்றார். சரியான வாதம். அதற்குப் பதில் தேடும்போது வள்ளுவர் ஞாபகத்துக்கு வந்தார். புலால் மறுத்தல் அதிகாரத்தில் அவர் விற்பவனோடு நிறுத்தவில்லை, வாங்குபவனையும் கணக்கில் சேர்க்கிறார். கத்தி பிடித்த கையிலிருந்து தட்டு வரைக்கும் ஒரு கோடு இழுக்கிறார். (வள்ளுவரிடம் போனால் படேக் வேட்டைக்காரரும் தப்ப முடியாது, என் தாத்தாவும் தப்ப முடியாது. அது வேறு வழக்கு.) அந்தக் கோடு முக்கியம். எண்ணம் இல்லாதவருக்கும் பங்கு இருக்கலாம் என்று அது சொல்கிறது. பங்கு என்பது தண்டனைக்குரிய குற்றம் ஆக வேண்டியதில்லை. விலை கொடுக்க வேண்டிய பொறுப்பு ஆகலாம்.

அப்படிப் பார்த்தால் நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. காட்டுவாசியிடம் சட்டம் கேட்கும் அதே கேள்வியைக் காட்டை வெட்டுபவரிடமும், வரைபடம் போடும் என்னைப் போன்றவரிடமும், அந்தச் சாலையில் ஒரு மணி நேரம் மிச்சம் பிடிக்கும் நம் எல்லோரிடமும் கேட்க வேண்டும். எதற்காக? எவ்வளவு போதும்? அவரிடம் பத்துப் பெயர் கொண்ட பட்டியலை நீட்டி, வயிறு நிறைந்ததும் நிறுத்து என்கிறோம். நமக்கு அப்படி ஒரு அட்டவணை இல்லை. 'போதும்' என்ற சொல்லைச் சட்டம் ஒரு தரப்புக்கு மட்டுமே கற்றுக்கொடுத்திருக்கிறது. அதுவும் ஏற்கெனவே அந்தச் சொல்லைத் தெரிந்து வைத்திருந்த தரப்புக்கு.

பாதுகாப்பு வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. பாதுகாப்பின் செலவு காட்டை இழந்தவர்களிடமிருந்து தொடங்கக் கூடாது, காட்டின் இழப்பால் லாபம் அடைந்தவர்களிடமிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. சாலை மேம்பாலமாக உயர்வதற்கான பணம், மாநிலம் மரம் வெட்டாமல் இருப்பதற்கான ஈடு, காட்டோர கிராமத்துக்கான காவல், அவர்களுக்கான வருமானம். இவற்றைத் தர்மமாகக் கொடுக்க வேண்டியதில்லை. கட்ட வேண்டிய பாக்கியாகக் கட்ட வேண்டும்.

2022 ஜனவரியில் குவா மூசாங்கின் போஸ் பிஹாய் பகுதியில் ஓராங் அஸ்லி ஒருவரைப் புலி தாக்கிக் கொன்றது. பிறகு அந்தப் புலி சுடப்பட்டது. அரைப் பத்தியில் முடிந்துவிடும் செய்தி. அந்த மனிதர் வேட்டைச் சட்டத்தை மீறவில்லை. புலிக்கு மீறுவதற்குச் சட்டமே இல்லை. காட்டின் விளிம்பை அவர்கள் இருவர் பக்கமும் நகர்த்திக்கொண்டே வந்தவர்களும் எதையும் மீறவில்லை. எல்லா ஆவணங்களும் கையொப்பத்தோடு சரியாகத்தான் இருந்திருக்கும். 1854க்குப் பிறகு நாம் நிறைய முளைகளைப் பிடுங்கியிருக்கிறோம். குழியை மூட வேண்டியது யார் என்பதை மட்டும் இன்னும் எந்த அட்டவணையிலும் எழுதவில்லை.